பிடித்த மீனைத் திரும்ப விடும்போது, அது பிழைக்க எப்படிக் கையாள வேண்டும்?

நீந்திப் போய்விட்டதாலேயே மீன் பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. நம் கண்ணெதிரே துள்ளிக்கொண்டு போன மீன் சில மணி நேரம் கழித்துச் சாவதும் உண்டு. தூண்டில் முள் எங்கே குத்தும் என்பது முழுசாக நம் கையில் இல்லை. எவ்வளவு நேரம் வெளியே வைத்திருக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

1992-ல் வெளியான ஓர் ஆய்வில், ரெயின்போ ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன்களைக் களைத்துப்போகும்வரை விரட்டினார்கள். வெளியே எடுக்காமல் விட்டவற்றில் செத்தது 12 சதவீதம். 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38, 60 விநாடி வைத்தவற்றில் 72. எல்லா மீனுக்கும் இதே கணக்கு வராது, விரால் காற்றையே சுவாசிக்கும். ஆனால் பெரும்பாலான மீன்களுக்குத் தண்ணீரை விட்டு வந்ததுமே செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு அடைக்கும். ஓடிக் களைத்தவன் மூக்கைப் பொத்துவது போலத்தான். அதனால் போட்டோ வேண்டுமென்றால் முதலில் கேமராவைத் தயாராக வையுங்கள், அதுவரை மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். மீனின் மேலே இருக்கும் வழவழப்பு கிருமியும் பூஞ்சையும் அண்டாமல் காப்பது. காய்ந்த கையோ துண்டோ அதை வழித்தெடுத்துவிடும். வழுக்குகிறதே என்று மண்ணில் போட்டு அமுக்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஒரு கை வயிற்றுக்குக் கீழே, இன்னொரு கை வாலுக்கு முன்னால், மீன் படுத்த வாக்கில் இருக்கட்டும். பெரிய மீனைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். செவுளுக்குள் விரலே போகக்கூடாது. கெளுத்தி என்றால் உங்கள் கைதான் ஜாக்கிரதை: முதுகிலும் இரண்டு பக்கத்திலும் முள் இருக்கும்.

தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியை (முனைக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்) குறடால் முன்கூட்டியே நசுக்கிவிட்டால், கழற்றும் வேலை பாதியாகக் குறையும். தொண்டைக்குள் விழுங்கியிருந்தால் தோண்டாதீர்கள், தூண்டில் நரம்பை முள்ளுக்குப் பக்கத்திலேயே வெட்டிவிடுங்கள். பல மீன்கள் முள்ளோடே பிழைத்துக்கொள்கின்றன.

விடும்போது வீசக்கூடாது. மீன் களைத்திருந்தால் அதன் தலை நீரோட்டத்தை எதிர்த்தபடி இருக்குமாறு தண்ணீரிலேயே பிடித்திருங்கள். சிலர் முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளில் தலைகீழாகப் போகும் என்பதால் அது வேண்டாம். வாலை உதறித் தானாகத் திமிறும்போது கையை எடுத்தால் போதும்.