ஹாஸ்டலில் வராத படபடப்பு வீட்டில் ஏன் வருகிறது?

கேள்வி: கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ஊர் ஆலங்குளம் பக்கம். வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நாலைந்து நாள் தூங்கித் தீர்த்தேன். அதற்குப் பிறகு சாயங்காலம் 5 மணி ஆனால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஓரிடத்தில் இருப்பு கொள்ளவில்லை. முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். ராத்திரி 3 மணிவரை போனும் கையுமாகக் கிடக்கிறேன். எழுந்திருக்க 11 ஆகிறது. எழுந்ததும் ஒரு காபி, 4 மணிக்கு ஒரு காபி. இடையில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றிக் கொடுக்கிறேன். போன வாரம் ராத்திரி 2 மணிக்கு மூச்சு முட்டி, விரலெல்லாம் மரத்துப்போய், செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கால் மணி நேரத்தில் தானாக அடங்கியது. அன்றிலிருந்து தென்காசிக்கு பஸ்ஸில் போகக்கூடப் பயம். “பிள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கு” என்று ஆச்சி திருநீறு பூசிவிட்டார். பரீட்சை நேரத்தில்கூட இப்படி இருந்ததில்லை. கணக்குப் பேப்பரில் அரியர் விழுமோ என்ற நினைப்பு மட்டும் உண்டு. எனக்குப் புத்தி பேதலிக்கிறதா? காலேஜ் திறந்தால் சரியாகிவிடுமா?

- பெயர் வேண்டாம்

பதில்: புத்தி பேதலிக்கவில்லை. கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் பதற்றத்தின் அடையாளங்கள். இரவு 2 மணிக்கு வந்தது, பேனிக் அட்டாக் (திடீரென வரும் பயத் தாக்கம்) என்று டாக்டர்கள் சொல்வதோடு நன்றாகவே பொருந்துகிறது.

பரீட்சையின்போது வராதது லீவில் ஏன் வந்தது? ஹாஸ்டலில் உங்களை எழுப்பியது நீங்கள் இல்லை. மெஸ் மூடுகிற நேரம், வருகைப் பதிவு, அறைத் தோழியின் அலாரம் எல்லாம் சேர்ந்து ஆறு மாதம் உங்களைத் தள்ளிக்கொண்டு போயின. பரீட்சை வாரங்களில் உடம்பும் முறுக்கேறியே இருந்தது. வீட்டில் அந்தத் தள்ளுதல் ஒரே நாளில் நின்றுவிட்டது, முறுக்கு மட்டும் இறங்கவில்லை. “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று ஒதுக்கிவைத்த கணக்குப் பேப்பரும் காலியான நேரம் பார்த்து மேலே வந்துவிட்டது. இது அதிசயமில்லை. ஓய்வு கிடைத்த பிறகு உடம்புக்கு முடியாமல் படுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் மணிக்கணக்கைச் சரிசெய்ய வேண்டும். நேரம் தவறாமல் எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய உதவி. நீங்கள் பார்க்கிற முதல் வெளிச்சம் 11 மணி வெயில், கடைசி வெளிச்சம் 3 மணிக்குப் போன் திரை. உள்ளே இருக்கும் உடல் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது. காலை வெளிச்சம் அதை முன்னால் இழுக்கும், ராத்திரி வெளிச்சம் பின்னால் தள்ளும். உங்கள் வயதில் அது இயல்பாகவே பின்னால் சாயக்கூடியது.

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். இன்று 10 மணிக்கே தூங்கிவிடுவேன் என்று விளக்கை அணைத்துப் படுப்பார்கள், தூக்கம் வராது, 2 மணிவரை புரண்டு, மூளைக்கு “பாய் என்றால் கவலைப்படும் இடம்” என்று பழக்கிவிடுவார்கள். தூங்கும் நேரத்தை விடுங்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள். நாளைக்கு 10.30, மறுநாள் 10, அதற்கடுத்த நாள் 9.30. நாளுக்கு அரை மணி வீதம் குறைத்தால் ஒன்பதாம் நாள் 6.30-க்கு வந்துவிடுவீர்கள். எழுந்த கால் மணி நேரத்துக்குள் திண்ணைக்கோ மச்சுக்கோ வந்து, போன் இல்லாமல் அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருங்கள். நடந்தால் இன்னும் நல்லது. ஒன்பது, பத்து மணி வெயிலில் எழும் முதல் சில நாள் நிழலில் நின்றாலே போதும். படுத்து 20 நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்துவந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது திரும்பப் போங்கள். போன் அடுப்படியில் சார்ஜ் ஏறட்டும்.

நாலாம், ஐந்தாம் நாள் அலுப்பு தாங்காது. சாயங்காலம் 6 மணிக்குக் கண்ணை மூடினால் அதுவரை பட்ட பாடு வீண். முடியவில்லை என்றால் பிற்பகல் 3 மணிக்குள் 20 நிமிஷம், அலாரம் வைத்து. இது கோயில் கொடைக் காலம் வேறு. வில்லுப்பாட்டும் சாமக்கொடையும் பார்த்து ஒரு ராத்திரி முழித்தால் தப்பில்லை. மறுநாள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் எழுந்துவிடுங்கள், அது போதும்.

அடுத்தது காபி. கஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். அப்படியென்றால் உங்கள் 4 மணிக் காபியில் இரவு 9 மணிக்குப் பாதி மிச்சம், 2 மணிக்குக் கால் பங்கு மிச்சம். எழுந்ததும் குடிப்பதும் வெறும் வயிற்றில். 4 மணிக் காபியை முதலில் அரை டம்ளராக்கி, மூன்று நாளில் நிறுத்துங்கள். ஒரேயடியாக விட்டால் தலைவலி வரும், அதையும் நோய் என்று நினைத்துப் பயப்படுவீர்கள். கருப்பட்டிக் காபிக்கு மாறினால் போதாதா என்றால், இனிப்பு மாறுமே தவிர உள்ளே இருப்பது அதே காபித்தூள்தான். காபித்தூள் சேர்க்காத சுக்கு மல்லிக் காபி ஆகலாம். வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தாலே நெஞ்சு வேகமாக அடிக்கும். நுங்கும் பதநீரும் கிடைக்கிற நேரத்தில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பீடி விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், நாங்கள் அதைப் போகிறபோக்கில் விட மாட்டோம். புகையிலையில் உள்ள நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், தூசியாக மூச்சிலும் போகும். நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும், குமட்டலும் வரலாம். வருஷக்கணக்காகச் சுற்றுகிற அம்மாவுக்குப் பழகியிருக்கும், லீவுக்கு வந்த கைக்குப் பழகியிருக்காது. படபடப்புக்கு இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. அதோடு சேர்ந்து தூண்டக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. அம்மாவுக்கு உதவியை நிறுத்தவும் வேண்டாம். இரண்டு வாரம் இலை வெட்டிக் கொடுங்கள், தூள் இருக்கும் சொளவை மடியில் வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வித்தியாசம் தெரிகிறதா என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

இனி அந்த ராத்திரி 2 மணிக்கு வருவோம். பயத்தில் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடும்போது ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடும். விரல் மரப்பது, உதடு மதமதப்பது, தலை கிறுகிறுப்பது, நெஞ்சு இறுகுவது எல்லாம் அதனால் வருபவை. காற்று போதவில்லை என்று தோன்றும், உண்மையில் நடப்பது அதற்கு எதிர்மாறு. அதனால்தான் “ஆழமா மூச்சு இழு” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது சில நேரம் நிலைமையைக் கெடுக்கிறது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் பதியுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுங்கள், 6 எண்ணும்வரை விடுங்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். விரல் கணுக்களில் எண்ணினால் கணக்குத் தவறாது. 5 நிமிஷம் செய்யுங்கள். காகிதப் பையில் மூச்சு விடுகிற வேலை வேண்டாம். நிஜமாகவே ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து.

இந்தத் தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். உங்களுக்கும் கால் மணியில் அடங்கியிருக்கிறது. இடையில் நாடியைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்ப்பதும், போனில் அறிகுறி தேடுவதும் அதற்கு விறகு போடுகிற வேலை. இந்த மூச்சுக் கணக்கைப் பகலில், நன்றாக இருக்கும்போதே இரண்டு வேளை பழகுங்கள். வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றால் கைகொடுக்காது.

பஸ் பயத்தை வளரவிடாதீர்கள். ஒரு தடவை தவிர்த்தால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் அடுத்த தடவைப் பயத்தைப் பெரிதாக்குகிறது. முதலில் அம்மாவோடு பாவூர்சத்திரம்வரை போய்த் திரும்புங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அதே தூரம் தனியாக, அப்புறம் தென்காசி. வழியில் படபடப்பு வந்தால் இடையில் இறங்காதீர்கள். உட்கார்ந்தபடி மூச்சை எண்ணி, அது இறங்கத் தொடங்குவதைப் பார்த்துவிட்டு உங்கள் நிறுத்தத்தில் இறங்குங்கள். ஜூனில் சாரல் விழுந்து வீடே குற்றாலத்துக்குக் கிளம்பும்போது நீங்கள் மட்டும் வாசலில் நிற்கக் கூடாது, இல்லையா?

அரியர் கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்: சாயங்காலம் 5 மணி, 15 நிமிஷம், பேப்பரும் பேனாவும். மனதில் ஓடுவதையெல்லாம் எழுதி, நாளைக்கு நான் செய்யக்கூடியது எது, என் கையில் இல்லாதது எது என்று பிரியுங்கள். ரிசல்ட் தேதி உங்கள் கையில் இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு பாடத்தை நாளைக் காலை முக்கால் மணி நேரம் பார்ப்பது கையில் இருக்கிறது. மற்ற நேரத்தில் அந்த நினைப்பு வந்தால், விரட்டாமல் “5 மணிக்கு வா” என்று தள்ளிவையுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், செய்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை, ஹீமோகுளோபின், தேவைப்பட்டால் ஒரு இ.சி.ஜி. இவை தென்காசி அரசு மருத்துவமனை அளவிலேயே முடிகிற காரியம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. ஏதாவது மாத்திரையோ இன்ஹேலரோ எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால் காத்திருக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. சில வகைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் குறையாவிட்டால், அல்லது தாக்கம் திரும்பத் திரும்ப வந்தால், பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஊரில் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலேயே உள்ளது. அதற்கு முன் பேசிப் பார்க்க 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை, கட்டணம் இல்லை, நாள் முழுக்கத் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அந்த நிமிஷமே அம்மாவை எழுப்புங்கள், இந்த எண்ணுக்கும் பேசுங்கள்.

ஆச்சியின் திருநீறு இருக்கட்டும். அவர் கை நெற்றியில் படுவதும் ஒரு ஆறுதல்தான். அம்மாவிடம் மட்டும் “நெஞ்சு படபடக்கு” என்பதோடு நிறுத்தாமல், ராத்திரி 2 மணிக்கு நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். திரும்ப வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து உங்களோடு எண்ணினால் போதும், வேறெதுவும் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

காலேஜ் திறந்தால் சரியாகுமா என்றால், அடங்க வாய்ப்பு உண்டு. மெஸ் மணி திரும்ப வந்துவிடுமே. அப்படி அடங்கினால் அடுத்த செமஸ்டர் லீவில் இதே கதை திரும்பலாம். ஆகவே அந்த லீவுக்கு ஊர் வந்து இறங்குகிற மறுநாள் காலையிலேயே, தூங்கித் தீர்க்காமல், 7 மணிக்கு அலாரம் வையுங்கள்.