10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மதியம் ஏன் மாறுகிறது?

வணக்கம். ஆரல்வாய்மொழிப் பட்டறையில் காலையில் 10,000 ஓம் காட்டிய ரெசிஸ்டர் மதியம் 10,008 காட்டுகிறது, மீட்டர் கெட்டுவிட்டதா, குவாண்டம் தரம் என்கிறார்களே அது உதவுமா என்று கேட்டிருந்தீர்கள்.

மீட்டரைக் கழற்றாதீர்கள். சாதாரண மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை மாறக்கூடியது. 10 கிலோ ஓமில் அது 1 ஓம். தகரக் கூரைக்கு அடியில் 8 டிகிரி ஏறினாலே உங்கள் 8 ஓம் வந்துவிடும். காலையில் சால்டரிங் அயனை ரெசிஸ்டரில் படாமல் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், எண் ஓடுகிறதா என்று. மீட்டரும் சூட்டில் கொஞ்சம் நகரும்தான்.

நீங்கள் கேட்ட குவாண்டம் தரம், குவாண்டம் ஹால் விளைவை வைத்து மின்தடையை நிர்ணயிப்பது. அதில் இந்தத் தொல்லை கிடையாது. எனக்கு அதில் தீராத வியப்பு. 1980இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபான் கிளிட்சிங் இந்த விளைவைக் கண்டுபிடித்தார். கடுங்குளிரில், வலுவான காந்தப்புலத்தில் மின்தடை படிக்கட்டு போலத் தனித்தனிப் படிகளில் நிற்கும். அதில் ஒரு படி 12,906.4037 ஓம். அளக்கும் சில்லின் (சிப்) அளவோ செய்த கையோ அதை மாற்றாது. குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. 2019 மே 20 முதல் அவை இரண்டுக்கும் நிலையான மதிப்பு. ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் படலமான கிராஃபீனில் சுமார் 4 கெல்வின் (மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) குளிரில், 5 டெஸ்லா காந்தப்புலத்திலேயே இந்தப் படி கிடைக்கிறது. ஆனாலும் அந்தக் குளிரைப் பட்டறையில் கொண்டுவர முடியாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: வெப்பத்துக்கு அதிகம் அசையாத தர ரெசிஸ்டர் ஒன்று வாங்கி, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்யுங்கள். சான்றிதழில் எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்று இருக்கும். அதே வெப்பநிலையில் நீங்களும் அளந்து ஒப்பிடுங்கள்.