கடிகாரம் நின்றால் செயற்கைக்கோள் என்ன ஆகும்?

கேள்வி: ஐ.ஆர்.என்.எஸ்.எஸ் 1ஏ செயற்கைக்கோள் விண்வெளியில் நன்றாகத்தான் சுற்றுகிறதாம், கடிகாரம் பழுதானதால்தான் வழிகாட்டப் பயன்படவில்லையாம். இதற்காகவா ஒதுக்குவார்கள்? தரையிலிருந்தே மணி சொல்லிவிடக் கூடாதா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரு கடிகாரம் இல்லை, மூன்று! 2013 ஜூலை 1 அன்று இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி சி22 ராக்கெட் கொண்டுபோய் விட்ட இதுதான், இடம் காட்டும் நம் சொந்த அமைப்பான நாவிக் வரிசையில் முதல் செயற்கைக்கோள். ஒன்று போனால் இன்னொன்று என்று மூன்று ருபிடியம் அணுக் கடிகாரங்கள் வைத்திருந்தார்கள், எல்லாம் சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கியவை. மூன்றுமே கெட்டுப்போன விஷயம் 2017 ஜனவரியில் வெளியே வந்தது. அதே மாதம் ஐரோப்பாவும் தன் வழிகாட்டி அமைப்பான கலிலியோவின் செயற்கைக்கோள்களில் கடிகாரங்கள் நிற்பதாகச் சொன்னது.

உங்கள் போன் செய்வது வெறும் கழித்தல் கணக்குதான். செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் எப்போது புறப்பட்டது (அதைச் சொல்வது அங்கிருக்கும் கடிகாரம்), எப்போது வந்தது, அந்த இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். புறப்பட்ட நேரத்தில் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேல் அளவு, தப்பும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 300 மீட்டர், நீங்கள் அடுத்த தெருவில் நிற்பதாகக் காட்டும். தரையிலிருந்து திருத்தம் அனுப்பத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒரு திருத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மேலே இருக்கிற கடிகாரம் ஒழுங்காக ஓடியாக வேண்டுமே. சிக்னலைத் தரையிலேயே தயாரித்து, செயற்கைக்கோள் வழியாகத் திருப்பிவிடும் முறையும் உண்டு, விமானங்களுக்கு வழிகாட்ட உதவும் நம் ககன் அமைப்பு அப்படித்தான். 1ஏ அதற்காகக் கட்டியதில்லை. அதனால் அதைக் குறுஞ்செய்தி அனுப்புகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: 1ஏ-க்குப் பதிலாக அனுப்பிய 1எச்-சும் தோற்றதே, அதிலும் கடிகாரம்தானா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லை, 1எச் மேல் ஒரு தப்பும் கிடையாது, பாவம். 2017 ஆகஸ்ட் 31 மாலை 7 மணிக்குக் கிளம்பிய ராக்கெட்டில் எல்லா எஞ்சின்களும் ஒழுங்காக எரிந்தன, ஆனால் பாதி வழியில் இரண்டாகப் பிளந்து விழ வேண்டிய வெப்பக் கவசம் விழவே இல்லை. தேவையில்லாத அந்தச் சுமை வேகத்தைத் தின்றது, செயற்கைக்கோளோ மூடிய கவசத்துக்குள்ளேயே பிரிந்து மாட்டிக்கொண்டது. 2018 ஏப்ரலில் அடுத்த மாற்றான 1ஐ செயற்கைக்கோள் போய்ச் சேர்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. கடிகாரத்தையும் சும்மா விடவில்லை, 2023 மே மாதம் போன என்.வி.எஸ் 01 என்ற அடுத்த தலைமுறை நாவிக் செயற்கைக்கோளில் நாமே செய்த கடிகாரமும் இருக்கிறது.

அப்புறம் 2025 ஜனவரியில் என்.வி.எஸ் 02. ராக்கெட் சொன்ன இடத்தில் இறக்கிவிட்டது, இந்த முறை செயற்கைக்கோளின் எஞ்சினுக்கு ஆக்சிடைசரை (எரிபொருள் எரியத் தேவையானதை) விடும் வால்வு திறக்கவில்லை. சுற்றுப்பாதையை உயர்த்தவே முடியவில்லை.