நுண்ரோபோ துறைக்குப் போக விரும்பும் மகளுக்கு எந்தப் பட்டம் சரி?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். காந்தப்புலத்தால் நுண்ரோபோக் கூட்டங்களை இயக்கும் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். அந்தப் பெயரில் பட்டப்படிப்பு எங்கே இருக்கிறது என்பது ஒன்று. படித்தால் வேலை கிடைக்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: இளநிலையில் அந்தப் பெயரைத் தேடி அலைய வேண்டாம். எதைத் தேட வேண்டும் என்று சொல்வதற்கு முன், அவளை இழுக்கும் விஷயம் என்ன என்பதை நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

ரோபோ என்றதும் மோட்டாரும் பேட்டரியும்தான் நினைவுக்கு வரும். இங்கே அவை இல்லை. நம் ரத்தச் சிவப்பணுவின் விட்டமே சுமார் 7 முதல் 8 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர்). அந்த அளவுள்ள ஒன்றில் பேட்டரிக்கு இடம் ஏது? அதனால் ரோபோ என்பது பெரும்பாலும் நிக்கல் பூசிய ஒரு குட்டித் திருகு, அல்லது வெறும் இரும்பு ஆக்சைடு துகள். அதை ஓட்டுவதும் திருப்புவதும் வெளியே இருக்கும் மின்சுருள்கள். சில மில்லிடெஸ்லா புலமே போதும் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிடெஸ்லா). மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் 1.5 டெஸ்லாவோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உடல் திசுக்கள் இந்தப் புலத்தை மறிப்பதில்லை. மருத்துவர்களுக்கு இதில் ஆர்வம் வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

ஏன் திருகு வடிவம்? அவ்வளவு சிறிய பொருளுக்குத் தண்ணீரே பெரும் பிசுபிசுப்பு. உந்துவதை நிறுத்தினால் அந்தக் கணமே அங்கேயே நின்றுவிடும். ஒரே அசைவை முன்னும் பின்னுமாகச் செய்தால் போன தூரம் அப்படியே திரும்பிவிடும் என்று இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977-இல் விளக்கினார். பாக்டீரியாக்கள் சுருள் வாலைச் சுழற்றி நீந்துவது இதனால்தான். காந்தத் திருகும் அதையே செய்கிறது: புலம் சுழன்றால் திருகு சுழலும், சுழன்றால் முன்னேறும். புலத்தை அளவுக்கு மீறி வேகமாகச் சுழற்றினால் திருகால் ஈடுகொடுக்க முடியாமல் வேகம் சட்டென்று விழுந்துவிடும்.

சரி, ஒன்றை ஓட்டலாம். ஆயிரத்தை? இந்தத் துறையின் அழகான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. புலம் பொதுவானது, ஆய்வகத் தட்டில் இருக்கும் எல்லா ரோபோவுக்கும் ஒரே கட்டளைதான் போய்ச் சேரும். அணிவகுப்பில் 'இடப்பக்கம் திரும்பு' என்றால் மொத்த வரிசையும் திரும்புவதைப் போல. ஒருவரை மட்டும் வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்றால்? ஒரு வழி, ரோபோக்களின் வடிவத்தை வேறுபடுத்துவது. ஒன்று தாக்குப்பிடிக்கும் சுழற்சி வேகத்தில் இன்னொன்று பின்தங்கிவிடும். இன்னொரு வழி, தனித்தனியாக ஓட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டுக் கூட்டத்தை ஒரே உருவாகப் பாவிப்பது. காந்தமேற்றப்பட்ட துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். புலத்தைச் சுழற்றினால் அவை சுழல்போலத் திரளும். வேறு வகையில் அலைவுறச் செய்தால் நாடாவாக நீளும். நீட்டுவது, பிரிப்பது, மறுபடி சேர்ப்பது எல்லாமே புலத்தை மாற்றும் கணக்குதான். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம், ஜூரிச்சின் இ.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஸ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஆகிய இடங்களில் இந்தத் துறை ஆய்வுகள் வலுவாக நடந்திருக்கின்றன. மகளிடம் அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள், தேடிப் படிக்கட்டும்.

இப்போது பட்டத்துக்கு வருவோம். மேலே சொன்னதில் மின்காந்தவியல், திரவ இயக்கவியல், கட்டுப்பாட்டுக் கோட்பாடு (ஒரு கருவியை நாம் நினைத்தபடி இயங்க வைக்கும் கணக்கு), கேமராப் படத்திலிருந்து கூட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நிரலாக்கம், எல்லாம் கலந்திருக்கின்றன. மின்னியல், இயந்திரவியல், கருவியியல், இயற்பியல், எதில் நுழைந்தாலும் வழி உண்டு. என்னைக் கேட்டால், கட்டுப்பாட்டுப் பாடங்கள் நன்றாக நடத்தப்படும் மின்னியல் பட்டத்துக்கே முதலிடம். துகள்களைத் தயாரிப்பதில்தான் ஆசை என்றால் வேதியியல் அல்லது பொருளறிவியல். 'நானோ' என்று பெயர் சூட்டிய இளநிலைப் பட்டங்களில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அவற்றில் பலவும் எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போய்விடும். அதைவிட நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் கையில் ஊறியிருப்பது மேல். பைத்தான் நிரல்மொழியை இப்போதே ஆரம்பிக்கலாம்.

முடிவெடுக்கும் முன் அவளை ஒரு சோதனை செய்துபார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய செம்புக் கம்பியை ஊசியில் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் சுருளாக எடுத்து, ஒரு முனையில் பொடிக் காந்தம் ஒன்றை ஒட்ட வேண்டும். காந்தத்தின் வட-தென் திசை சுருளின் அச்சுக்குக் குறுக்காக அமைய வேண்டும். அதைக் கிளிசரின் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, வெளியே ஒரு பெரிய காந்தத்தைச் சுழற்ற வேண்டும். சுருள் திருகிக்கொண்டு நகரும். ஆனால் முதலில் அது பெரும்பாலும் பெரிய காந்தத்தின் பக்கம் இழுபட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகங்களில் இரண்டு மின்சுருள்களை அவற்றின் ஆரத்துக்குச் சமமான இடைவெளியில் வைப்பது இதைத் தவிர்க்கத்தான். நடுவில் புலம் சீராக இருப்பதால் முறுக்கம் (சுழற்றும் விசை) மட்டும் கிடைக்கும், இழுவிசை அநேகமாக இருக்காது. சுவரில் ஒட்டியதும் சலித்துப்போய் எழுந்துவிடுகிறாளா, காரணத்தைத் தேடி நோட்டில் கிறுக்குகிறாளா என்று பாருங்கள். அவளுடைய மதிப்பெண் பட்டியலைவிட இது எனக்கு அதிகம் சொல்லும். (வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பொடிக் காந்தங்களைக் கண்ணில் படாமல் வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலையே துளைத்துவிடும்.)

வேலை விஷயத்தில் மழுப்ப விரும்பவில்லை. நுண்ரோபோக் கூட்டங்கள் இன்னும் அன்றாட சிகிச்சைக்கு வரவில்லை. நேரடி வேலைகள் பெரும்பாலும் ஆய்வகங்களில்தான்; முதுநிலையும் முனைவர் பட்டமும் வேண்டியிருக்கும். அத்தனை வருடம் பொறுக்க உங்கள் குடும்பத்தால் முடியுமா என்று இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். முடியாது என்றாலும் கதவு அடைபடாது. காந்தத்தால் வழிநடத்தும் இதய வடிகுழாய்கள் ஏற்கெனவே மருத்துவமனைகளில் பயன்படுகின்றன. விழுங்கும் கேமரா மாத்திரையைக் காந்தத்தால் திருப்பும் கருவிகளும் உண்டு. எம்.ஆர்.ஐ. தயாரிப்பு, மோட்டார் கட்டுப்பாடு, படப் பகுப்பாய்வு என்று இளநிலைப் பட்டத்தோடு நுழையக்கூடிய இடங்களும் இருக்கின்றன. மின்னியல் அடித்தளத்தை நான் வற்புறுத்துவது அதற்காகத்தான்.

அப்புறம், உயிரியலை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கணிதத்தையும் இயற்பியலையும் குறைக்காமல் வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவும் இருக்கட்டும். முடியாவிட்டால் விடலாம், ரத்த ஓட்டத்தையும் திசுக்களையும் பற்றிப் பிறகு படித்துக்கொள்ளலாம். கல்லூரி பார்க்கப் போகும்போது விளம்பரத் தாளை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கடைசி வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் தானே சுற்று அமைத்து அளந்து பார்க்க எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள்.