கிண்டியில் வேலை, 50 லட்சம் பட்ஜெட்: சென்னைக்குள் எந்தப் பழைய ஏரியாவில் வீடு வாங்கலாம்?

புறநகருக்குப் போக மனமில்லை, சென்னைக்குள்ளேயே கைக்கு எட்டும் விலையில் பழைய ஏரியா இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், இந்த மூன்றையும் முதலில் போய்ப் பாருங்கள். 2022-இல் தண்டையார்பேட்டையில் முதல் மாடி ஃபிளாட் ஒன்றை வாங்கி அங்கேயே குடியிருக்கிறோம்.

"வடசென்னையிலயா, பொம்பளப் பிள்ளைய வெச்சுக்கிட்டு?" என்று என் பெரியம்மா கேட்டார். என் மகள் ராத்திரி எட்டரைக்கு டியூஷன் முடிந்து தனியாக நடந்து வருகிறாள். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி இருக்கும், பூக்கார அக்கா இருப்பார், வாசல் தோறும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். முன்பு வாடகைக்கு இருந்த புது லேஅவுட்டில் ஏழு மணிக்கே தெரு வெறிச்சோடிவிடும். அங்கேதான் எனக்குப் பயமாக இருந்தது.

உங்களுக்கு இங்கே பெரிய வசதி மெட்ரோ. 2019-இல் வண்ணாரப்பேட்டை வரை வந்தது, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. விமான நிலையம் போகும் நீல வழித்தடம் அது. தண்டையார்பேட்டையில் ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம்.

ஏரியாவை முடிவு செய்வது சுலபம், தெருவை முடிவு செய்வதுதான் கஷ்டம். பழைய சென்னையில் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. அப்படி இறங்கும் வீட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள். மழைத் தண்ணீர் மட்டுமல்ல, சாக்கடையும் எதிர்த்து வரும். தரைத்தளத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் என்ன காரணம் என்று கேளுங்கள். தரகரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனை டீக்கடைக்காரரிடம், "2015-லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் இங்க தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?" என்று கேட்டால் கையாலேயே உயரம் காட்டுவார். குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கலங்கி வருமா என்பதை அடிபம்பில் குடம் வைத்திருக்கும் பெண்களிடம் கேளுங்கள்.

அடுத்தது பத்திரம். எங்களுக்கு முதலில் பிடித்தது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஓட்டு வீடு. முற்றம், திண்ணை எல்லாம் இருந்தது, எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்த வீட்டுக்காரத் தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் இல்லை. மூன்று மகன்களும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள். எங்கள் வக்கீல் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பொண்ணுங்க எங்கம்மா?" என்றார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர்களுக்கும் சம பங்கு உண்டு. அந்த அக்காக்களை யாருமே கேட்கவில்லை. தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல் வீட்டை வாங்கியிருந்தால், பிறகு வழக்கு வந்திருக்கலாம். வழக்கை விடுங்கள், அவர்களுடைய பங்கில் நான் குடியிருப்பது எனக்கே சரியாகப் படவில்லை. விலகிவிட்டோம். பழைய ஏரியாவில் தலைமுறை கூடக் கூடப் பங்குதாரர்களும் கூடுவார்கள். சொத்தின் மிகப் பழைய மூலப் பத்திரமான தாய்ப் பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கையாக மாறி வந்ததைப் பாருங்கள். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை 13 வருடத்துக்கு மட்டும் காட்டி யாராவது போதும் என்றால் நம்பாதீர்கள்.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அடிமனையா என்று பாருங்கள். கட்டடம் விற்பவருடையது, மனை கோயிலுடையதோ அறக்கட்டளையுடையதோ ஆக இருக்கும். பட்டா யார் பெயரில் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பழைய ஃபிளாட் என்றால் வீட்டின் சதுர அடியைவிட, கட்டடம் நிற்கும் மனையில் உங்களுக்குச் சேரும் பிரிபடாத பங்கு, அதாவது யுடிஎஸ், எவ்வளவு என்று கேளுங்கள். எங்கள் ஃபிளாட் 640 சதுர அடி, யுடிஎஸ் 360. நாளைக்கு இடித்துக் கட்டினால் அந்த 360-தான் பேசும். கட்டடம் ரொம்பப் பழசாக இருந்தால் வங்கிக் கடன் கிடைப்பதும் சிரமம், அதனால் அட்வான்ஸுக்கு முன்பே வங்கியில் விசாரித்துவிடுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதற்கு மேல் பைப்பும் வயரிங்கும் மாற்றும் செலவு. 50 லட்சமும் வீட்டு விலைக்கே போய்விடக் கூடாது. 42, 43-க்கு மேல் பேசாதீர்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மேற்கே கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு இருக்கிறது. அது தீப்பிடிக்கும் நாட்களில் ஜன்னலைத் திறக்க முடியாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையை ஒட்டிய வீடு வேண்டவே வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்தப் பக்கம் வராமல் அயனாவரம், வில்லிவாக்கம் பாருங்கள், கொஞ்சம் விலை கூடும்.

ஐப்பசிக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று தரகர் அவசரப்படுத்துவார். நல்ல மழை ஒன்று பெய்து விடட்டும். மறுநாள் காலை அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.