குழந்தைக்கு லேப் டெஸ்ட்: பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும்?

குழந்தைகளுக்கு ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்வது பற்றி வந்த கேள்விகளை இந்தத் தடவை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். என்ன நோய், என்ன மருந்து என்பதை உங்கள் குழந்தைநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்குகிற ஒரு சேவையாக லேபை எப்படி எடைபோடுவது என்பதுதான் இங்கே பேச்சு.

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. காய்ச்சல் வந்து போனபின் பொதுவான ஒரு லேபில் கல்லீரல் டெஸ்ட் எடுத்தோம். 'அல்கலைன் பாஸ்படேஸ்' வரியில் அளவு கூடுதல் என்று தடித்த எழுத்தில் வந்தது. பதறிப்போய்க் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "இந்த வயதுக்கு இது சரியான அளவுதான்" என்று அனுப்பிவிட்டார். அதே டெஸ்ட்டுக்கு அந்த மருத்துவமனை லேபில் கட்டணம் அதிகம். மெஷின் ஒன்றுதானே, எதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

பதில்: மெஷின் பெரும்பாலும் ஒன்றேதான். வித்தியாசமெல்லாம் மெஷினுக்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலையில் இருக்கிறது. முன்னால், அந்தச் சின்னக் கையிலிருந்து ரத்தம் எடுக்கும் விதம். பின்னால், வந்த எண்ணை எந்த அளவோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. உங்களுக்குச் சிக்கல் வந்தது இந்த இரண்டாவதில்.

அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி கல்லீரலிலிருந்து மட்டும் வருவதில்லை, வளரும் எலும்பிலிருந்தும் வரும். அதனால் வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் உச்ச அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது சாதாரணம். 5 வயதுக்குள் இருக்கும் சில பிள்ளைகளுக்கு, ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இது இன்னும் பல மடங்கு ஏறி, சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. பெரியவர்களுக்கான அளவை அப்படியே அச்சடிக்கிற லேப், ஆரோக்கியமான பிள்ளையின் ரிப்போர்ட்டிலும் 'கூடுதல்' என்றுதான் போடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.9 என்று வந்தால் பெரியவருக்கு அது சரியான அளவு. 3 வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அது. பெரியவர் அளவை மட்டும் போட்ட ரிப்போர்ட்டில் அந்த வரி எந்தக் குறியும் இல்லாமல், 'நார்மல்' என்றே வந்து நிற்கும். வீணாகப் பதறியது உங்களுக்கு ஒரு நாள் கஷ்டம். பதற வேண்டிய இடத்தில் பதறாமல் இருந்துவிட்டால் போவது சிறுநீரகம்.

ஹீமோகுளோபினும் இப்படித்தான். பிறந்தவுடன் உச்சத்தில் இருப்பது 2 மாதத்தில் இயல்பாகவே இறங்கும். அந்தக் கட்டத்தில் 10 என்று வந்தால் அது வளர்ச்சியின் ஒரு படி. அதே 10 ஒரு 4 வயதுப் பிள்ளைக்கு வந்தால் ரத்தசோகை. வெள்ளை அணுக்களில் லிம்போசைட் அதிகமாக இருப்பதும் 4, 5 வயது வரை இயற்கை. குழந்தைகளுக்கு எது சரியான அளவு என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. கனடாவில் டொரண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையை மையமாகக் கொண்டு நடக்கும் 'காலிப்பர்' என்ற திட்டம், ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான பிள்ளைகளிடமிருந்து ரத்தம் பெற்று, வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாக இந்த அளவுகளைத் தொகுத்து வருகிறது.

ஆகவே பணம் கட்டும் முன் கவுன்ட்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரிப்போர்ட்டில் வரும் நார்மல் அளவு என் பிள்ளையின் வயதுக்கானதா?" ஆமாம் என்றால் ஒரு மாதிரி ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். வயதுக்கான அளவு போடுகிற லேப் வெளியில் இருந்தால் அங்கே எடுப்பதில் தவறே இல்லை. நான் கூடுதல் கட்டணம் கொடுக்கச் சொல்வது கைக்குழந்தை, குறைமாதக் குழந்தை, அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டிய பிள்ளை இவர்களுக்கு. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: பிறந்து 20 நாளான குழந்தை. ரத்தம் எடுத்துப் போனபின், "சாம்பிள் சரியில்லை, மறுபடி எடுக்கணும்" என்று கூப்பிட்டார்கள். மறுபடி குத்தினார்கள். பில்லில் இரண்டு தடவைக்கும் பணம். இது நியாயமா?

பதில்: நியாயமில்லை. சாம்பிள் கெட்டது எடுத்த விதத்தாலோ அனுப்பிய விதத்தாலோ என்றால் இரண்டாம் முறைக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் சாம்பிளை ஏன் நிராகரித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒழுங்கான லேப் நிராகரித்த ஒவ்வொரு சாம்பிளுக்கும் காரணத்தைப் பதிந்து வைத்திருக்கும். அதை வைத்துப் பில்லை மாற்றச் சொல்லுங்கள். அதே சமயம், கெட்ட சாம்பிளை ஓட்டி ஒரு எண்ணைக் கொடுத்துவிடாமல் உங்களைத் திரும்பக் கூப்பிட்டார்களே, அந்த அளவில் லேப் தன் கடமையைச் செய்திருக்கிறது.

காரணங்கள் பெரும்பாலும் மூன்றில் அடங்கும்: ரத்தம் போதவில்லை, உறைந்துவிட்டது, சிவப்பணு உடைந்துவிட்டது. கைக்குழந்தைக்குக் குதிகாலில் குத்தித்தான் பல சமயம் எடுப்பார்கள். குதிகாலை முதலில் கதகதப்பாக்கி, நடுவில் குத்தாமல் அடிப்பாதத்தின் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, ரத்தம் தானாக ஊறி வர விட வேண்டும். நடுவிலும் பின்பக்கத்திலும் எலும்பு மிக அருகில் இருப்பதால்தான் ஓரம். அவசரப்பட்டுப் பிழிந்தால் சிவப்பணு உடையும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்து, இல்லாத ஆபத்தை ரிப்போர்ட்டில் காட்டும். ஒரு ட்யூபில் கூடுதலாக வந்த ரத்தத்தை இன்னொரு ட்யூபில் ஊற்றிச் சரிக்கட்டுவதும் கூடவே கூடாது. ஊதா மூடி ட்யூபில் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் மருந்து கலந்தால் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் தெரியும். இதை உங்கள் கண் முன்னால் செய்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 250 மில்லி அளவுதான். பெரியவர்களுக்கான 5 மில்லி ட்யூபை நிரப்பினால் அதில் 2 சதவீதம் போயிற்று. பெரியவர் ஒருவரிடம் ஒரே தடவையில் 100 மில்லி எடுப்பதற்குச் சமம் அது. 1 கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தைக்கோ ஒவ்வொரு மில்லியும் ஏறக்குறைய 1 சதவீதம். ஆஸ்பத்திரியில் நாள்தோறும் எடுக்கும் ரத்தத்தாலேயே ரத்தசோகை வந்து, ரத்தம் ஏற்ற வேண்டி வரும் குறைமாதக் குழந்தைகள் உண்டு. குழந்தைகளுக்கான லேபில் அரை மில்லிக்கும் குறைவாகப் பிடிக்கிற குட்டி ட்யூப் வைத்திருப்பார்கள். அந்தத் துளி ரத்தத்திலேயே பல டெஸ்ட்டுகளை ஓட்டத் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற பணம் இதற்குத்தான்.

"சின்ன ட்யூப் இருக்கிறதா? இந்த டெஸ்ட்டுகளுக்கெல்லாம் சேர்த்துக் குறைந்தபட்சம் எவ்வளவு ரத்தம் வேண்டும்? முன்பு கொடுத்த சாம்பிளில் மீதி இருந்தால் அதிலேயே பார்க்க முடியுமா?" என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பல லேப்கள் மீதி ரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் கொஞ்ச நாள் வைத்திருக்கும். டாக்டர் ஒரு டெஸ்ட்டைப் புதிதாகச் சேர்த்தால், சில வகை டெஸ்ட்டுகளுக்கு மறுபடி குத்தாமலே முடித்துவிடலாம்.

கேள்வி: ஊசியைக் கண்டாலே மகள் நடுங்குகிறாள். மரத்துப்போக வைக்கும் க்ரீம் தடவிவிட்டு எடுக்கச் சொன்னால், "ஒரு நிமிஷ வேலை, எதுக்கு" என்கிறார்கள்.

பதில்: கேட்டு வாங்குங்கள். க்ரீம் வகையைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைக்க வேண்டும். ஆகவே போய் இறங்கியபின் கேட்டால் பயனில்லை, நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் தடவக் கூடாது. அவர்களுக்கு, குத்தும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருப்பதே வலியை நன்றாகக் குறைக்கும். மடியில் அணைத்தபடி வைத்திருக்கப் பெற்றோரை அனுமதிப்பார்களா, நரம்பு கிடைக்காவிட்டால் ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் குத்தாமல் அனுபவசாலியைக் கூப்பிடுவார்களா என்றும் விசாரியுங்கள். இதற்கு "கண்டிப்பாக" என்று உடனே பதில் வரும் லேபில்தான் நான் என் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோவேன்.

கேள்வி: 8 வயது மகனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. 'குழந்தைகள் முழு உடல் பேக்கேஜ்' தள்ளுபடியில் கிடைக்கிறது. எடுத்து வைத்துக்கொள்வது நல்லதுதானே?

பதில்: வேண்டாம். நார்மல் அளவு என்பதே ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்தது. அதாவது நலமாக இருக்கும் 20 பேரில் ஒருவருக்கு எண் அந்த எல்லைக்கு வெளியேதான் வரும். ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட்டுகளை ஒரே பிள்ளைக்கு எடுத்தால், எந்த நோயும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதைத் தொடர்ந்து மறு டெஸ்ட், ஸ்கேன், தூக்கமில்லாத இரவுகள். தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் செலவாகும், பிள்ளைக்கும் வீண் குத்து.

பேக்கேஜில் 'உணவு ஒவ்வாமை ஐஜிஜி' டெஸ்ட் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம். அது ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகியிருப்பதன் அடையாளம், ஒவ்வாமைக்கு அது சான்றில்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே இதை வேண்டாமென்று சொல்லிவிட்டது. இதை நம்பிப் பிள்ளையின் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. டாக்டர் ஒரு காரணம் சொல்லி எழுதித் தருகிற இரண்டு டெஸ்ட், காரணமில்லாத நாற்பதைவிட மேல்.

கேள்வி: 7 மாதக் குழந்தைக்குச் சிறுநீர் பிடிக்கும் பிளாஸ்டிக் பையை ஒட்டி எடுத்த கல்ச்சரில் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) கிருமி என்று வந்தது. டாக்டர் வேறு விதமாக எடுத்து மறுபடி பார்க்கச் சொல்கிறார். முதலில் கொடுத்த பணம் தண்டமா?

பதில்: பையில் பிடிக்கும்போது தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்துவிடும். அதனால் பையில் எடுத்து 'கிருமி இல்லை' என்று வந்தால் நம்பலாம், 'இருக்கிறது' என்று வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மெல்லிய குழாய் வைத்தோ, சிறுநீர் போகும்போது சுத்தமான குப்பியில் நேராகப் பிடித்தோ எடுத்தால்தான் உறுதி. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தவிர்க்கத்தான் டாக்டர் கேட்கிறார், செய்துவிடுங்கள். இனிமேல் கல்ச்சர் என்று எழுதினால், "எந்த முறையில் எடுக்க வேண்டும்?" என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டால் இரண்டு செலவு ஒன்றாகும். வீட்டில் பிடித்துக் கொண்டுபோனால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள், முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: சுவரில் நிறையச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஐஎஸ்ஓ 15189. மருத்துவ லேப்களின் திறமையையும் தரத்தையும் அளக்கும் தரநிலை அது. ஐஎஸ்ஓ 9001 நிர்வாக ஒழுங்கைச் சொல்லும், டெஸ்ட் முடிவு சரியா என்பதைச் சொல்லாது. அங்கீகாரத்தோடு ஒரு பட்டியலும் இருக்கும். லேப் செய்கிற எல்லா டெஸ்ட்டும் அதில் இருக்க வேண்டும் என்பதில்லை, உங்களுடையது இருக்கிறதா என்று பாருங்கள். வெளி லேபுக்கு அனுப்புகிற டெஸ்ட் என்றால், எங்கே அனுப்புகிறார்கள், என்றைக்கு ரிப்போர்ட் வரும் என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: காலையில் விரலில் குத்திப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.8. மாலையில் வேறு லேபில் நரம்பில் எடுத்தபோது 11.2. யார் சொல்வதை நம்புவது?

பதில்: நரம்பில் எடுத்ததை. விரலைப் பிழியும்போது திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடலாம். கையடக்கக் கருவிக்கும் லேபின் பெரிய கருவிக்கும் இயல்பாகவே சிறு வேறுபாடும் உண்டு. ஆகவே முதல் லேப் ஏமாற்றிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். தொடர்ந்து கவனிக்க வேண்டிய அளவு என்றால் இனி ஒரே லேபில், ஒரே முறையில் எடுங்கள். அப்போதுதான் ஏற்றமும் இறக்கமும் பிள்ளையுடையதா, லேபுடையதா என்று தெரியும். ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம், எடுத்த முறை இரண்டும் அச்சாகி இருக்கட்டும். இல்லையென்றால் கவுன்ட்டரைவிட்டு நகரும் முன்பே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.