புறம்போக்கு என்பது வசைச்சொல் அல்ல

கேள்வி: ஒதுக்குதல், விலக்குதல், தள்ளிவைத்தல், புறம்போக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே பொருள் தரும் சொற்கள்தானே? (ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: இல்லை. கோர்ட்டில் வழக்கைத் தள்ளிவைத்தால் அடுத்த வாய்தா உண்டு. தள்ளுபடி செய்தால் கதை முடிந்தது. அதே தள்ளுபடிக்குத்தான் ஆடி மாதம் ஜவுளிக்கடை வாசலில் கூட்டம் முண்டியடிக்கிறது. ‘ஒதுக்குதல்’ இரண்டு பக்கமும் போகும். கறிவேப்பிலையை இலையோரம் ஒதுக்குவது வேண்டாம் என்று. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் பிள்ளைக்குக் குழம்பை ஒதுக்கி வைப்பது வேண்டும் என்று.

புறம்போக்கு இதில் இரண்டாவது வகை. அதை முதல் வகையாக்கிக் கெடுத்துவிட்டோம் என்பதுதான் என் நெடுநாள் கோபம்.

நிலத்துக்குத் தீர்வை போட்டுக் கணக்கெழுதியபோது, ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு இவற்றுக்கு வரி போடவில்லை. ஊருக்கு வேண்டும் என்பதால் வரிக்கணக்குக்குப் புறத்தே விட்டார்கள். அதனால் புறம்போக்கு. பயிர் வைக்காமல் கிடக்கும் நிலத்துக்கு ‘தரிசு’ என்று தனி வகையே கணக்கில் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். நமக்குத்தான் வரி வராத நிலம் உதவாத நிலமாகி, அப்புறம் உதவாத மனிதனைத் திட்டும் வார்த்தையும் ஆகிவிட்டது. ஆடு மாடு வைத்திருப்பவரிடம் மேய்ச்சல் புறம்போக்கு உதவாத நிலமா என்று கேட்டுப் பாருங்கள்.

சென்னை மந்தைவெளியின் பெயரில் இருப்பதும் மந்தை நின்ற பொதுவெளிதான். 2011-இல் உச்ச நீதிமன்றம், பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்த வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களை மீட்டு ஊருக்கே கொடுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட பொதுநிலங்களுக்குத் தென்னிந்தியாவில் வழங்கும் பெயர்களாக அந்தத் தீர்ப்பு சொல்வது மந்தைவெளி, புறம்போக்கு. டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அந்தச் சொல்லின் மரியாதை தெரிந்திருக்கிறது. நாம் தெருச் சண்டையில் எதிராளி முகத்தில் எறிகிறோம்.

வசவோடு நின்றால்கூடப் பொறுக்கலாம். “வெறும் புறம்போக்குதானே” என்ற நினைப்பில்தான் ஏரிக்குள் பஸ் ஸ்டாண்டும் அரசு அலுவலகமும் வந்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை வீண் நிலம் என்று எண்ணி, பெருங்குடியில் மலையாகக் குப்பை கொட்டினோம். சுற்றிலும் கட்டடம் எழுப்பினோம். தென்சென்னையின் மழைநீர் வடிந்து சேரும் இடம் அது. 2015 டிசம்பரில் தண்ணீர் வேளச்சேரி வீடுகளுக்குள் போனது. 2022-இல் அதே சதுப்பு நிலத்துக்கு, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சரின் அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஒப்பந்தம் வந்து சொன்ன பிறகுதான் அது காக்க வேண்டிய இடம் என்று நம்மில் பலருக்கு உறைத்தது.

புறம்போக்கில் குடிசை போட்ட ஏழையைத்தான் எல்லோரும் விரல் நீட்டுகிறார்கள். அவருக்கு வேறு இடம் கிடையாது. மாற்று இடம் தராமல் விரட்டுவது அநியாயம். ஏரிக்குள் சுற்றுச்சுவர் எழுப்பிய கல்லூரிக்கு அந்தச் சாக்கு இல்லை.

எந்த சர்வே எண்ணில் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் வருவாய்த் துறைக் கணக்குதான் அ-பதிவேடு. உங்கள் ஊர் அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். எந்தெந்த சர்வே எண்ணில் குளம், வாய்க்கால் என்று எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கே இப்போது தண்ணீர் நிற்கிறதா, கட்டடம் நிற்கிறதா என்று எழுதுங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.